பற்றுச்சீட்டு அம்மாவிடம், பார்சல் எங்கே?

வறுத்துத் திரித்த மிளகாய்த்தூள், ஒடியல் மா, பருத்தித்துறை வடை, ஒரு போத்தல் நெய். யாழ்ப்பாணத்திலிருந்து சூரிச்சுக்கும் பாரிசுக்கும் ரொறன்ரோவுக்கும் போகிற பெட்டிகளில் பெரும்பாலும் இவைதான் இருக்கும். பெட்டி போய்ச் சேராவிட்டால் பிள்ளை அங்கே ஒவ்வொரு கந்தோராகத் தொலைபேசி எடுத்து அலைகிறது. ஆனால் தொலைந்த தபால் பார்சலுக்கு இழப்பீடு கேட்கும் உரிமை அனுப்பியவருடையது. அம்மா கேட்க வேண்டும், அல்லது தன் உரிமையைப் பிள்ளைக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். தபாலில் சேர்த்த மறுநாளிலிருந்து 6 மாதத்துக்குள் விசாரணை கோரவேண்டும் என்பது உலகத் தபால் ஒன்றியத்தின் விதி. ஆகவே பற்றுச்சீட்டைச் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி மறந்துவிடாமல், அன்றே படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். அதிலுள்ள, எழுத்தும் இலக்கமுமாக 13 குறிகள் கொண்ட எண், எல்கே (LK) என்ற எழுத்துகளில் முடியும். காசு மிச்சமென்று பதிவு செய்யாமல் அனுப்பும் சிறுபொதிக்கு இழப்பீடு கிடையாது.

அதிகம் பிழைத்துப்போவது தபால் கந்தோரில் நிரப்பும் சுங்கப் படிவத்தில்தான். படிவம் நிரப்புகிறவர் கேட்பார்:

"அம்மா, உள்ளுக்கு என்ன இருக்கு?"

"பிள்ளைக்குக் கொஞ்சச் சாமான், தம்பி."

இந்தப் பதிலை அப்படியே எழுதினால் பெட்டி அங்குள்ள சுங்கத்தில் மாட்டிக்கொள்ளும். 'மிளகாய்த்தூள், 1 கிலோ, இத்தனை ரூபா' என்று பொருள் பொருளாக எழுதுவிக்க வேண்டும். ஆள் ஆளுக்கு அனுப்பும் அன்பளிப்புக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் 45 யூரோ, பிரித்தானியாவில் 39 பவுண், சுவிஸில் 100 பிராங், கனடாவில் 60 டொலர் வரை வரி இல்லை. கடையில் விற்க அனுப்புவதை அன்பளிப்பு என்று எழுதுவது பொய் அறிவிப்பு. நெய்யும் இறைச்சி வத்தலும் இலங்கையிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் தனியார் பார்சலில் போகக் கூடாதவை. பச்சைக் கறிவேப்பிலைக்குத் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் வேண்டும். சுங்கம் பறித்ததற்குத் தபால் திணைக்களம் பொறுப்பேற்காது. பிள்ளைத்தாய்ச்சி மகளுக்கென்று பார்த்துப் பார்த்து உருக்கிய நெய்யானாலும் சட்டம் இளகாது.

பார்சல் கொடுபடாவிட்டால் திருப்பி அனுப்புவதா, கைவிடுவதா என்றும் படிவத்தில் கேட்டிருக்கும். பலர் அதை வாசிப்பதே இல்லை. திருப்பக் கேட்டால் அதற்கான கட்டணம் அனுப்பியவர் தலையில் விழலாம். பெறுகிறவருக்கு ஒன்று: பெட்டி கிழிந்தோ பிரிக்கப்பட்டோ வந்தால் கையெழுத்திட முன்னரே சொல்லிப் பதியவையுங்கள். சேதமான பார்சலுக்கு இழப்பீடு கேட்கும் உரிமை அப்போது உங்களுக்கும் வரும்.

தனியார் கார்கோவுக்கு இந்தத் தபால் விதிகள் எதுவும் பொருந்தாது. நிபந்தனை அச்சிட்ட பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். ஏமாற்றினால் 3 மாதத்துக்குள் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடலாம், தொலைபேசி 1977.

இப்போது பெரிய ஆபத்து வேறு. 'உங்கள் பார்சல் தடுக்கப்பட்டுள்ளது, சிறு கட்டணம் செலுத்துங்கள்' என்று இணைப்போடு ஒரு எஸ்எம்எஸ் வரும். இலங்கைத் தபாலின் பெயரிலேயே இப்படி வந்திருக்கிறது. சுங்க அதிகாரி என்று அழைத்து, தனியாள் வங்கிக் கணக்கில் காசு போடச் சொல்பவர்களும் உண்டு. உண்மையான வரிகளும் உண்டு என்பதால்தான் ஆட்கள் நம்பிவிடுகிறார்கள். இணைப்பைத் தொடாமல், பற்றுச்சீட்டு எண்ணைத் தபால் நிறுவனத்தின் சொந்த இணையத்தளத்தில் நீங்களே தட்டிப் பாருங்கள். காட் விபரத்தைக் கொடுத்துவிட்டீர்களென்றால் முதலில் வங்கிக்கு அழைத்து காட்டை நிறுத்துங்கள். பிறகு, இலங்கையில் இருந்தால், கணினி அவசரப் பிரிவின் 101க்குச் சொல்லிவிட்டுப் பொலிசுக்குப் போங்கள்.