கேசட், சிடி, கோர்ட் சண்டை: பழைய கம்ப்யூட்டர் கேம் பத்திரிகைகள் மேல் ஏன் இத்தனை ஏக்கம்?

மூலக்கொத்தளம் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது நடராசன், தாளமுத்து நினைவிடம். அங்கிருந்து பேசின் பாலத்தைத் தாண்டினால் சென்ட்ரல். சென்ட்ரலை ஒட்டி லில்லி பாண்ட் வளாகத்துப் பழைய புத்தகக் கடைகள். 1985 மே மாதம் மூர் மார்க்கெட் எரிந்த பிறகு கடைக்காரர்கள் வந்து சேர்ந்த இடம் அது. இன்னொரு பக்கம் போனால் பீச் ஸ்டேஷன் எதிரே பர்மா பஜார்.

2000களின் தொடக்கத்தில் வடசென்னையில் கம்ப்யூட்டர் கேம் பைத்தியம் பிடித்த ஒரு பையனுக்கு இந்த முக்கோணம்தான் உலகம். கேம் சிடி வேண்டுமா, பர்மா பஜார். அந்த கேம் ஓடுவதற்கு மெமரி கார்டோ கிராஃபிக்ஸ் கார்டோ வேண்டுமா, கொஞ்சம் தள்ளி ரிச்சி ஸ்ட்ரீட். எந்த கேம் உருப்படி, எது தண்டம் என்று தெரிய வேண்டுமா? அதற்குப் பத்திரிகை. புதுசு வாங்கக் காசு இல்லாவிட்டால் பழைய கடை. அங்கே பத்திரிகை கிடைக்கும், அட்டையில் ஒட்டியிருந்த சிடி மட்டும் கிடைக்காது. அதை யாரோ முன்பே உருவியிருப்பார்கள்.

இப்போது முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் இருக்கும் அந்தப் பையன்கள்தான் பழைய இதழ்களைத் தேடி அலைகிறார்கள். பிரிட்டனில் இதே தேடல் ஒரு தனி வியாபாரமாகவே வளர்ந்துவிட்டது. ஒரு பத்திரிகைக்காக, அதுவும் கேம் விமர்சனம் போட்ட பத்திரிகைக்காக, ஏன் இவ்வளவு பாசம்?

எல்லாம் 48 கேபியில் ஆரம்பித்தது

1982 ஏப்ரலில் பிரிட்டனில் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் என்ற வீட்டுக் கம்ப்யூட்டர் வந்தது. விலை 125 பவுண்டிலிருந்து ஆரம்பம். மானிட்டர் கிடையாது, வீட்டு டிவியில் சொருக வேண்டும். பெரிய மாடலின் மெமரியே 48 கேபிதான். இன்று வாட்ஸ்அப்பில் வரும் ஒரு குட்மார்னிங் படம் அதைவிடப் பெரிசு.

கேம் வந்தது ஆடியோ கேசட்டில். டேப் ரெக்கார்டரில் போட்டு ஓடவிட்டால் கீய்ய்ய்ங் என்று காது கிழியும். ஐந்து நிமிஷம் கழித்து கேம் வரலாம், வராமலும் போகலாம். வராவிட்டால் ரீவைண்ட் செய்து முதலிலிருந்து. இன்னொரு வழியும் இருந்தது. பத்திரிகையில் பக்கம் பக்கமாக புரோகிராமை அச்சடித்திருப்பார்கள். உட்கார்ந்து முழுசாக டைப் அடிக்க வேண்டும். நடுவில் ஒரு கமா விட்டுப்போனால் கதை முடிந்தது. பல பேர் புரோகிராமிங் கற்றுக்கொண்டது இந்தத் தப்பைத் தேடித்தேடித்தான்.

கேசட் கேம் ஒன்றின் விலை சுமார் 6 முதல் 10 பவுண்ட். ஸ்கூல் பையனுக்கு அது பல வாரப் பாக்கெட் மணி. தப்பான கேம் வாங்கினால் திருப்பிக் கொடுக்க முடியாது. டிரெய்லர் இல்லை, யூடியூப் இல்லை. விமர்சனம் ஒன்றுதான் துணை.

கிராஷும் அதன் எதிரிகளும்

1984 தொடக்கத்தில் லட்லோ என்ற சின்ன ஊரிலிருந்து 'கிராஷ்' வந்தது. கேம் கேசட்டுகளைத் தபாலில் விற்ற ஒரு கம்பெனியின் விலைப்பட்டியலாகத் தொடங்கி, பத்திரிகையாக மாறிய கதை அது. ரோஜர் கீன், ஆலிவர் ஃப்ரே, ஃபிராங்கோ ஃப்ரே என்ற மூன்று பேர் ஆரம்பித்தார்கள். ஒரு கேமுக்கு ஒருவர் கருத்து போதாது என்று மூன்று பேர் கருத்தைப் போட்டார்கள். மதிப்பெண் சதவீதத்தில் வந்தது. விமர்சனம் எழுதியவர்கள் பெரிய எழுத்தாளர்கள் இல்லை, உள்ளூர்ப் பள்ளி மாணவர்கள். படிப்பவனும் எழுதுபவனும் ஒரே வயசு. கிளிக் ஆகாமல் இருக்குமா? 1986ல் மாதம் ஒரு லட்சம் பிரதியைத் தாண்டியது.

வாசகர் கடிதங்களுக்குப் பதில் சொன்ன லாயிட் மாங்க்ரம் என்பவருக்கு ரசிகர் கூட்டமே இருந்தது. அப்படி ஓர் ஆளே கிடையாது. ஆபீஸில் இருந்தவர்கள் அந்தப் பெயரில் எழுதினார்கள். குமுதத்தில் 'அரசு' என்ற பெயரில் பதில் படித்து வளர்ந்த வீடுகளுக்கு இது புதுசு இல்லை.

அதே ஸ்பெக்ட்ரமுக்கு 'சின்க்ளேர் யூசர்', 'யுவர் சின்க்ளேர்' என்று இரண்டு போட்டிப் பத்திரிகைகள். விஜய், அஜித் ரசிகர்கள் மாதிரி வாசகர்களும் பிரிந்து நின்றார்கள். 1985ல் கிராஷ் ஒரு குறும்பு செய்தது. 'சின்க்ளேர் யூசரை' கிண்டலடித்து 'அன்க்ளியர் யூசர்' என்று சில பக்கங்கள் போட்டது. அந்தப் பத்திரிகையை நடத்திய ஈமேப் நிறுவனம் நேரே கோர்ட்டுக்குப் போய்த் தடை வாங்கிவிட்டது. அந்தப் பக்கங்களை எடுத்துவிட்டுத்தான் இதழ் கடைக்குப் போக முடிந்தது. இன்று எந்தப் பிரதியில் அந்தப் பக்கங்கள் தப்பியிருக்கின்றன என்பதே சேகரிப்பவர்களுக்கு ஒரு விளையாட்டு.

அந்தச் சண்டையின் முடிவு இன்னும் சுவாரஸ்யம். கிராஷை நடத்திய நியூஸ்ஃபீல்ட் நிறுவனம் 1991ல் மூழ்கியது. 1992ல் கிராஷை வாங்கி, 'சின்க்ளேர் யூசருடன்' சேர்த்துக் கரைத்தது வேறு யாரும் இல்லை, அதே ஈமேப். மறு வருஷமே 'சின்க்ளேர் யூசரும்' காலி. 1993 செப்டம்பரில் 'யுவர் சின்க்ளேரும்' கடையை மூடியது. மூன்றையும் மூட வைத்தது ஒன்றையொன்று அடித்துக்கொண்டது மட்டும் இல்லை. அந்த கம்ப்யூட்டரையே ஆள் சீந்தாமல் போனதுதான் பெரிய காரணம்.

விளம்பரமா, விமர்சனமா?

இதில் ஒரு கசப்பும் உண்டு. கேம் கம்பெனிகள் கொடுக்கும் விளம்பரத்தில்தான் பத்திரிகை ஓடுகிறது. அதே கம்பெனியின் கேமை எப்படித் திட்டுவது? பல பத்திரிகைகளில் சுமாரான கேமுக்குக்கூட 70 சதவீதம் சாதாரணமாக விழுந்தது. 1991ல் வந்த 'அமிகா பவர்' மட்டும், சுமாரான கேம் என்றால் 50தான் என்று அடம்பிடித்தது. கம்பெனிகளுக்குக் கோபம் வந்தது, விளம்பரம் போனது. 1996 வரை தாக்குப்பிடித்தது. பணம் வாங்கிக்கொண்டு போனை ரிவ்யூ செய்யும் ரீல்ஸ்களைப் பார்த்துப் பழகிய தலைமுறைக்கு அந்தப் பத்திரிகை ஏன் இன்றும் ஹீரோ என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அப்போது இங்கே என்ன நடந்தது?

ஸ்பெக்ட்ரம் இந்தியாவுக்கும் வந்தது. டெசிபெல்ஸ் எலெக்ட்ரானிக்ஸ் 1986ல் லைசென்ஸ் வாங்கி 'டிபி ஸ்பெக்ட்ரம் பிளஸ்' என்று விற்றது. சில ஆயிரம் விற்றிருக்கும், அவ்வளவுதான். 1984ல் மத்திய அரசின் 'கிளாஸ்' திட்டத்தில் சில பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டர்கள் வந்தன. வண்ணாரப்பேட்டையிலும் ராயபுரத்திலும் சாதாரண வீட்டில் கம்ப்யூட்டர் என்பது அப்போது கேள்விப்படாத விஷயம்.

ஆனால் பத்திரிகைச் சண்டைக்கு மட்டும் நம் ஊரில் பஞ்சமே இல்லை. கிராஷ் பிறந்த அதே 1984ல், ஜூலை மாதம், தமிழில் இரண்டு காமிக்ஸ்கள் ஒரே நேரத்தில் கிளம்பின. சிவகாசியிலிருந்து மாடஸ்டி பிளைஸியுடன் லயன் காமிக்ஸ், ஜேம்ஸ் பாண்டுடன் ராணி காமிக்ஸ். லயன் கோஷ்டி, ராணி கோஷ்டி என்று பள்ளிக்கூடங்கள் பிரிந்த கதையை நாற்பதைத் தாண்டிய எந்த அண்ணனிடம் கேட்டாலும் சொல்வார். பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை. 1972ல் முத்து காமிக்ஸ் கொண்டுவந்த இரும்புக்கை மாயாவி பிரிட்டிஷ் காமிக்ஸிலிருந்து வந்தவர். கிராஷின் அட்டைப்படங்களை வரைந்த ஆலிவர் ஃப்ரேயும் அதே பிரிட்டிஷ் காமிக்ஸ் பட்டறையில் வளர்ந்தவர்தான்.

கம்ப்யூட்டர் பத்திரிகைப் போட்டி நம் வீட்டுக்கு வந்தது 1990களின் கடைசியில். ஜெர்மனியில் 1978ல் தொடங்கிய 'சிப்' பத்திரிகையின் இந்தியப் பதிப்பை ஜசுபாய் நிறுவனம் கொண்டுவந்தது. 2001ல் அந்தப் பெயரை விட்டுவிட்டு அதே குழு 'டிஜிட்' என்று சொந்தப் பெயரில் இறங்கியது. சில வருஷத்தில் 'சிப்' வேறு ஒரு நிறுவனத்தின் கைக்கு மாறித் திரும்பவும் கடைக்கு வந்தது. பழைய பெயர் ஒரு பக்கம், அந்தப் பெயரை வளர்த்த ஆட்கள் இன்னொரு பக்கம்! எது ஒரிஜினல் என்ற வாதம் டியூஷன் சென்டர் வாசலில் முடியவே முடியாது. டிஜிட் குழு 'ஸ்கோர்' என்று கேமிங்குக்கே தனி இதழும் போட்டது. தமிழில் 'தமிழ் கம்ப்யூட்டர்' வந்துகொண்டிருந்தது. ஆங்கிலப் பத்திரிகையைப் புரட்டத் தயங்கியவர்களுக்கு வேர்டும் எக்செலும் சொல்லிக்கொடுத்தது அதுதான்.

சிடிக்காகவே வாங்கினார்களா?

ஆமாம், பாதிப்பேர் அதற்காகத்தான். ஏன் என்று ஒரு கணக்குப் போட்டால் புரியும்.

1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்துவிட்டது. பிறகு பல வருஷத்துக்கு வீட்டில் கிடைத்தது டயல்-அப். மோடம் அட்டையில் 56 கேபிபிஎஸ் என்று போட்டிருக்கும். அந்த முழு வேகமே கிடைத்தாலும் நொடிக்கு 7 கேபி. ஒரு சிடியில் 700 எம்பி. அதை டவுன்லோட் செய்ய கிட்டத்தட்ட 28 மணி நேரம். டிவிடி என்றால் 4.7 ஜிபி, சுமார் 8 நாள். நடுவில் யாராவது போனை எடுத்தால் இணைப்பு போச்சு, போன் பில் தனி. 2004ல் விண்டோஸ் எக்ஸ்பிக்கு வந்த சர்வீஸ் பேக் 2 மட்டுமே சுமார் 266 எம்பி, அதாவது பத்து மணி நேரத்துக்கும் மேல்.

இதே சரக்கு பத்திரிகையோடு ஒட்டி வந்தால்? கேம் டெமோ, ஆன்டிவைரஸ் அப்டேட், டிரைவர், பிளேயர், எல்லாம் ஒரே டிஸ்க்கில். மாதா மாதம் அந்த பிளாஸ்டிக் உறையைக் கிழிப்பதுதான் அன்றைய இன்டர்நெட். 1996லேயே 'பிசிகுவெஸ்ட்' லினக்ஸை சிடியில் போட்டு வாசகர்களுக்கு அனுப்பியது. டவுன்லோட் செய்ய வழியே இல்லாத ஊர்களில் லினக்ஸ் முதலில் நுழைந்தது இப்படித்தான்.

நூறு ரூபாயைத் தாண்டிய விலை எல்லோருக்கும் கட்டுப்படியாகவில்லை. துறைமுகத்திலும் எண்ணூர், திருவொற்றியூர் கம்பெனிகளிலும் ஷிப்ட் வேலைக்குப் போகிற அப்பாவிடம் கேம் பத்திரிகைக்குக் காசு கேட்பதும் சுலபம் இல்லை. அதனால் ஓர் இதழ் பல கை மாறியது. ஒருவன் வாங்க, சிடி தெரு முழுக்கச் சுற்றியது. கம்ப்யூட்டர் இல்லாதவன்கூட விமர்சனத்தைப் படித்துவிட்டு, விளையாடிய மாதிரியே பேசுவான். பிரவுசிங் சென்டரில் ஒரு மணி நேரக் காசு சேரும்போது எதை விளையாடுவது என்று முடிவெடுத்து வைத்திருப்பான்.

ஏக்கம் கேம் மேல் மட்டும் இல்லை என்பது இங்கேதான் தெரிகிறது. அந்தப் பழைய கேம்களை இன்று எமுலேட்டரில் போனிலேயே விளையாடலாம். பத்து நிமிஷத்தில் போரடித்துவிடும். பத்திரிகையைப் பல பேர் சேர்ந்து படித்த நேரம் எமுலேட்டரில் வராது.

அங்கே இருக்கிறது, இங்கே?

கிராஷ், ஸாப் 64, யுவர் சின்க்ளேர் எல்லாம் பக்கம் விடாமல் ஸ்கேன் செய்யப்பட்டு இன்டர்நெட் ஆர்க்கைவில் கிடக்கின்றன. கிராஷ், ஸாப் இரண்டும் ரசிகர்கள் பணத்தில் சின்ன அளவில் மறுபடி அச்சாகின்றன. ஆலிவர் ஃப்ரே 2022லும் ரோஜர் கீன் 2023 தொடக்கத்திலும் இறப்பதற்கு முன் இந்த இரண்டாம் இன்னிங்ஸைப் பார்த்துவிட்டார்கள்.

இந்திய இதழ்களுக்கு அந்த அதிர்ஷ்டம் குறைவு. தடிமனான வழவழப்புத் தாள், எடைக்கு நல்ல காசு. வீடு மாற்றும்போது முதலில் பழைய பேப்பர் கடைக்குப் போவது இவைதான். எழும்பூர் கன்னிமாரா நூலகம், நாட்டில் அச்சாகும் நூல்களின் பிரதி போய்ச் சேர வேண்டிய நான்கு நூலகங்களில் ஒன்று. அந்தச் சட்டம் 1954ல் வந்தது. அது பேசுவது அச்சிட்ட தாளைப் பற்றி. அட்டையில் ஒட்டிய டிஸ்க்கைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. இருக்கவும் முடியாது, அப்போது டிஸ்க்கே இல்லையே! ஆனால் ஒரு காலத்தில் நம் ஆட்கள் எதை இன்ஸ்டால் செய்தார்கள், எதை விளையாடினார்கள் என்ற பதிவு தாளில் பாதியும் டிஸ்க்கில் பாதியுமாக இருக்கிறது.

டிஸ்க்குக்கும் ஆயுசு உண்டு. சென்னை ஈரப்பதத்தில், கடற்கரைப் பக்கம் இன்னும் சீக்கிரம் கெடலாம். பரணில் ஏதாவது கிடந்தால் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். ஊசி முனை அளவில் ஒளி தெரிந்தால் உள்ளே இருக்கும் உலோகப் படலம் அரிக்கத் தொடங்கியிருக்கலாம். அப்படிப்பட்ட டிஸ்க்கை முதலில் காப்பி எடுக்க வேண்டும். லேப்டாப்பில் டிரைவ் இல்லையே என்றால் யுஎஸ்பியில் சொருகும் டிவிடி டிரைவ் போதும். ஃபைல்களைத் தனித்தனியாக இழுத்துப் போடாமல், முழு டிஸ்க்கையும் ஒரே ஐஎஸ்ஓ ஃபைலாக எடுத்தால் மெனு, அந்தக் காலத்து விளம்பரம் எல்லாம் அப்படியே வரும். மேலட்டையையும் கூடவே ஒரு போட்டோ எடுத்து வைத்தால் எந்த மாதத்து டிஸ்க் என்ற குழப்பம் வராது. துடைக்கும்போது மட்டும் வட்டமாகத் துடைக்கக் கூடாது, நடுவிலிருந்து விளிம்புக்கு நேராக.