தொலைவிலிருந்து யந்திரத்தை அறிதல்

ஆண்டர்சன்பேட்டை அமைந்துள்ள கோலார் தங்க வயலில், சாம்பியன் ரீப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழமுடையது. அவ்வாழத்திலுள்ள கூண்டை மேலிருந்து இயக்கியவர் அதனைக் காண இயலாது. கம்பிவட உருளையோடு இணைந்த ஆழங்காட்டியின் முள்ளும், கீழிருந்து வந்த மணிக்குறியுமே அவருக்கு வழிகாட்டின. ஆட்களின் உயிர் அவ்விரண்டையும் நம்பியிருந்தது. சுரங்கங்கள் 2001-ஆம் ஆண்டில் மூடப்பட்டன.

அதே தங்க வயலில் இன்று பெமல் நிறுவனம் புல்டோசர்களையும் மண்வாரி யந்திரங்களையும் செய்கிறது. இத்தகைய யந்திரங்களிலும் லாரிகளிலும் இக்காலத்தில் பொருத்தப்படும் தொலையறி கருவி மூன்று உறுப்புகளைக் கொண்டது.

முதலாவது, இடங்காணும் ஏற்பி. குறைந்தது நான்கு செயற்கைக் கோள்களின் வானொலிக் குறிகள் வந்துசேரும் நேரத்தைக் கொண்டு இது இடத்தைக் கணிக்கிறது. ஒரு விநாடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தாலும் தூரம் 300 மீட்டர் பிழைபடும். இரண்டாவது, என்ஜினின் வெப்பம், எண்ணெயழுத்தம், ஓடிய மணிநேரம் ஆகியவற்றை அளக்கும் உணரிகள். மூன்றாவது, இவற்றைக் கைபேசி வலையமைப்பின் வழியே அலுவலகத்திற்கு அனுப்பும் பகுதி.

இதனால் வீணே ஓடும் யந்திரத்தையும், பழுதுபார்க்க வேண்டிய காலத்தையும் உடனே அறியலாம். ஆயின் செயற்கைக் கோளின் குறிகள் பாறையை ஊடுருவா. ஆதலின் சுரங்கத்தினுள் வழிநெடுக வானொலி ஏற்பிகளை அமைத்தே வண்டிகளைக் கண்காணித்தல் வேண்டும். எண்ணெயழுத்தம் குறைந்ததென அறிந்தும் யந்திரத்தை நிறுத்தாவிடின் கருவியாற் பயனில்லை என்பதைக் களப்பணியாளர் மறத்தலாகாது.