நெகிழ்நேரப் பணியும் குடும்பப் பொறுப்பும்

1967-ஆம் ஆண்டில், மியூனிக் நகருக்கு அருகே ஓட்டோபுரூனில் இருந்த பொல்கோ விமானத் தொழிலகம், பணியாளர் அனைவரும் ஒரே நேரத்தில் வந்து சாலை அடைபடுவதைத் தவிர்க்க ஒரு வழி கண்டது. நடுப்பகலில் சில மணி நேரம் எல்லோரும் இருந்தாக வேண்டும். வருகையும் புறப்பாடும் அவரவர் வசதிக்கு விடப்பட்டன. இதுவே நெகிழ்நேர முறை. நெரிசலுக்காகப் பிறந்த இம்முறை குழந்தை வளர்க்கும் பெற்றோருக்கும் கைகொடுத்தது.

திருவனந்தபுரத்தில் நிலைமை வேறு. காரியவட்டத்தில் 1990-இல் நிறுவப்பட்ட டெக்னோபார்க், நாட்டின் முதல் தொழில்நுட்பப் பூங்காவாகும். இங்குள்ள மென்பொருள் நிறுவனங்கள் பலவும் வெளிநாட்டு வாடிக்கையாளருக்காக உழைப்பவை. கோடைக்காலத்தில் லண்டனின் காலை 9 மணி இங்கே பிற்பகல் 1.30, நியூயார்க்கின் காலை 9 மணியோ மாலை 6.30. குளிர்காலத்தில் இன்னும் ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். ஆகவே, எல்லோரும் இருந்தாக வேண்டிய நேரம் நடுப்பகலை விட்டு மாலைக்கும் இரவுக்கும் நகர்கிறது. பள்ளியிலிருந்து திரும்பிய குழந்தையைக் கவனிக்க வேண்டிய பொழுதும் அதுவே. காலையில் தாமதமாக வரலாம் என்னும் சலுகை இங்கே அதிகம் உதவாது.

மகப்பேற்று நலச் சட்டத்தின் 2017-ஆம் ஆண்டுத் திருத்தம், முதல் இரு குழந்தைகளுக்கு 26 வார விடுப்பை அளித்தது. 50 பேருக்குக் குறையாத நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும். தாய் நாளொன்றுக்கு நான்கு முறை அங்கு சென்று வரலாம். விடுப்பு முடிந்தபின், பணியின் தன்மை இடந்தந்தால், நிர்வாகத்துடன் ஒத்துக்கொண்ட நிபந்தனைகளின்படி வீட்டிலிருந்தே பணியாற்றலாம். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் இவை இடம்பெற்றுள்ளன. ஆனால் வீட்டிலிருந்து பணிபுரிவது உடன்பாடேயன்றி உரிமையன்று. மேலும், காப்பகம் அலுவலகத்தில் இருக்க, தாய் வீட்டில் பணிபுரிந்தால், ஒரு சலுகையைப் பெற்றவர் மற்றொன்றை இழக்கிறார்.

2020-இல் பெருந்தொற்றால் பலரது அலுவலகம் வீட்டுக்குள் வந்தது. வேலைப்பளு பகிரப்பட்டதா? அகில இந்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமற்ற வீட்டுவேலையில் ஈடுபட்ட பெண்கள் 2019-இல் நாளொன்றுக்கு 299 நிமிடங்களும், ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிட்டனர். 2024-இல் இவை முறையே 289, 88 ஆயின. பெண்களின் சுமை பத்து நிமிடம் குறைந்தது உண்மை. ஆண்களின் பங்கும் ஏறத்தாழ அதே அளவு குறைந்தது.

மத்திய அரசின் பெண் ஊழியருக்கு 2008 முதல் 730 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. 2018-இல் அது தனித்து வாழும் தந்தையருக்கும் நீட்டிக்கப்பட்டது. மனைவியுடன் வாழும் தந்தைக்குக் கிடைப்பது, குழந்தை பிறக்கும்போது 15 நாள். தனியார் துறைக்கான 2017-ஆம் ஆண்டுத் திருத்தம் தந்தைக்கு ஒரு நாள் விடுப்பும் வழங்கவில்லை. மாலை 6.30 மணிக்குத் தாய் கணினி முன் அமரும்போது, குழந்தையைக் கவனிக்கத் தந்தை வீடு திரும்பியிருக்க வேண்டும்; அதற்கு நெகிழ்வு தேவைப்படுவது அவருடைய அலுவலகத்தில்.