மாதிரி விமானத்தின் மடக்குச் சில்லுகளும் காற்றமுக்கமும்

வானிலெழுந்த விமானம் தன் சில்லுகளை வயிற்றினுள் மடக்கிக்கொள்வதற்குப் பெரும்பாலும் எண்ணெயின் அமுக்கமே பயன்படுகின்றது. 1955ஆம் ஆண்டில் முதன்முதற் பறந்த போக்கர் எவ்-27 விமானமோ இப்பணியை அமுக்கப்பட்ட காற்றினாற் செய்தது. சோவியத் நாட்டில் வடிவமைக்கப்பெற்ற யாக்-52 பயிற்சி விமானமும் அவ்வகையினதே. வானொலியால் இயக்கப்படும் மாதிரி விமானங்களிலும் இம்முறை நெடுங்காலமாக வழங்கிவருகின்றது. மின்மோட்டரால் மடங்கும் சில்லுகள் இன்று பெருகியுள்ளன. எனினும் காற்றுமுறையை விடாது பேணுவோர் பலருளர்.

இதன் அமைப்பு எளிது. கைப்பம்பினால் நிரப்பப்படும் சிறு தாங்கி ஒன்று. அதனின்று காற்றை இருவழிகளில் ஒன்றிற் செலுத்தும் வால்வு. அவ்வால்வை அசைக்கும் சேர்வோ. ஒவ்வொரு காலிலும் ஓர் உருளையும் அதனுள் ஒரு முசலமும். ஒருவழிக் காற்றுச் சில்லை உயர்த்தும். மறுவழிக் காற்று இறக்கும். வேலை முடிந்த காற்று வால்வின் கழிவுத் துளையினால் வெளியேறும்.

சில்லு மந்தமாக அசைந்தவுடன் "எங்கோ ஒழுக்கு" எனக் கூறிக் குழாய்களையெல்லாம் பிடுங்குவோர் உளர். அது அவசரச் செயலாகும். ஆய்வுகூடத்திலே இரசக் குழாயுடன் போயிலின் விதியைப் பரிசோதித்த பழைய மாணவர் அதனை இங்கு நினைவுகூரலாம். தாங்கியின் கனவளவு உருளைகளின் கனவளவைப் போற் பத்துமடங்கெனக் கொள்வோம். சதுர அங்குலத்துக்கு 100 இறாத்தல் என அமுக்கமானி காட்டினால், வளிமண்டலத்தின் 15 இறாத்தலையுஞ் சேர்த்து மொத்தம் 115 ஆகும். ஒருமுறை சில்லு உயர, அக்காற்றுப் பதினொரு பங்கு இடத்திற் பரவுவதால் மானி ஏறக்குறைய 90 காட்டும், இறங்கியபின் 80, மீண்டும் உயர்ந்தபின் 71. ஒழுக்கு எதுவுமின்றியே இவ்வளவு குறைகின்றது! ஆதலின், நிரப்பிய அமுக்கம் அசைவின்றியிருக்கக் குறைகின்றதா என்பதே கேட்கவேண்டிய கேள்வி.

தாங்கியை நிரப்பிச் சில்லுகளை இறக்கிய நிலையில் அரைமணி நேரம் விடுக. பின்னர் உயர்த்திய நிலையிலும் அவ்வாறே விடுக. உயர்த்திய நிலையில் மாத்திரம் அமுக்கம் வீழ்ந்தால், குற்றம் பெரும்பாலும் உயர்த்தும் வழிக்குரிய குழாயிலோ இணைப்பிலோ உருளையின் அம்முனையிலோ இருக்கும். இருநிலையிலும் வீழ்ந்தால், தாங்கி, நிரப்பும் வாய், வால்வு ஆகியவற்றை ஐயுறுக. முசலத்தின் றப்பர் வளையந் தேய்ந்தாலும் இருநிலையிலும் வீழ்தல் கூடும். அப்போது காற்று முசலத்தைக் கடந்து, மறுவழியே சென்று, வால்வின் கழிவுத் துளையில் வெளிப்படும். பார்ப்பவர் வால்வையே குறைகூறுவர். இம்மயக்கத்தைத் தீர்க்க வழியொன்றுண்டு. அமுக்கமில்லாத பக்கத்துக் குழாயை உருளையினின்று கழற்றி, உருளையின் திறந்த வாயிற் சவர்க்கார நுரையைத் தடவுக. குமிழி எழுந்தால் குற்றம் முசல வளையத்தினது. அங்கு எழாது கழிவுத் துளையில் எழுந்தால் வால்வினது.

பரிகாரம் பெரும்பாலும் மலிவானதே. குழாய்நுனி இறுகித் தளர்ந்திருப்பின் கால் அங்குலத்தை நேராக வெட்டிவிட்டு மீண்டும் செருகினாற் போதும். காய்ந்த வளையத்துக்குச் சிலிக்கன் எண்ணெயில் ஒருதுளி இடலாம், வெட்டுண்டதாயின் மாற்றவேண்டும். எல்லா எண்ணெயும் எல்லா றப்பருக்கும் ஒத்தவையல்ல; சில, வளையத்தை ஊதச்செய்து முசலத்தை இறுகப் பிடித்துவிடும்.

அமுக்கம் நிலைத்திருந்தும் சில்லு தடைப்படின், குற்றம் காற்றிலன்று. குழாய்களைக் கழற்றிக் கையால் மடக்கிப் பார்க்க. சமமற்ற பலகையில் ஆணிகளை இறுக முறுக்கியதனாற் சட்டம் திருகியிருக்கலாம். வன்மையாக இறங்கியதிற் கால் வளைந்து, சில்லு குழியின் விளிம்பில் உரசலாம். சேர்வோ வால்வின் தண்டை முற்றாகத் தள்ளாவிடின், வால்வு இடைநிலையில் நின்று காற்றைக் கழிவுத் துளைக்கே ஈந்துகொண்டிருக்கும். இதனைப் பலர் எண்ணிப்பார்ப்பதில்லை. ஒரு கால் மற்றதற்குச் சற்று முந்துவது குறையன்று.

பறப்பிற் பேராபத்து, ஒருகால் இறங்கி மறுகால் இறங்காமையே. ஒற்றைக்காலில் தரைதொட்ட விமானம் சுழன்று சிறகை முறித்துக்கொள்ளும். காற்று எஞ்சியிருப்பின் இருகாலையும் உயர்த்திவிட்டுப் புற்றரையில் வயிற்றினால் இறக்குதல் சேதத்தைக் குறைக்கும். காற்று உயர்த்த, வில்லுச்சுருள் இறக்கும் அமைப்பில் இவ்வச்சம் குறைவு. அமுக்கம் அற்றாலுங் கால் தானே இறங்கிப் பூட்டும்.

பறக்குமுன் விமானத்தைத் தாங்கிக்கட்டையில் நிறுத்தி, அமுக்கத்தை 60 இறாத்தலுக்குக் குறைத்து, பூட்டும் ஊசிகள் துளைமுனைவரை செல்கின்றனவா என்று பார்க்க. அந்நிலையில் தயங்குங் கால் எதுவோ, அதனையே முதலிற் கழற்றுக.