ஊசி நின்ற பிறகு எடை நிற்குமா?

சரக்கு நிலவரம், ஜி.எஸ்.டி., கடை வாடகை என்றே பேசிக் கொண்டிருந்த நம் வியாபாரிகள் கூடும் இடங்களில் இப்போது இன்னொரு விஷயமும் அடிபடுகிறது. வாரம் ஒரு முறை போட்டுக் கொண்டால் எடை குறையும் என்கிற ஊசிதான் அது. உடுமலையிலும் சுற்று வட்டாரத்திலும் நமக்குத் தெரிந்த மளிகைக் கடைக்காரர்கள், மண்டிக்காரர்கள் சிலர் இதைப் போட்டுப் பத்து, பன்னிரண்டு கிலோ குறைந்திருக்கிறார்கள். அவர்களில் சிலர் எடை குறைந்ததும் 'போதும்' என்று ஊசியை நிறுத்தினார்கள். ஆறு மாதத்தில் பழைய சட்டையைத் தேடி எடுக்க வேண்டிய நிலை. 'மருந்து மோசம்' என்கிறார்கள் ஒரு சாரார். 'வாயைக் கட்டத் தெரியாத ஆளுக்கு எந்த மருந்து என்ன செய்யும்' என்கிறார்கள் இன்னொரு சாரார். இரண்டும் சரியல்ல என்பதால் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

முதலில் இந்த மருந்து செய்யும் வேலையைத் தெரிந்து கொள்வோம். சாப்பிட்டதும் நம் குடலில் ஜி.எல்.பி.-1 என்ற ஹார்மோன் சுரக்கிறது. 'வயிறு நிறைந்தது' என்று மூளைக்குத் தகவல் சொல்வது, இரைப்பையில் உள்ள உணவை மெதுவாக இறங்கச் செய்வது, இன்சுலின் சுரப்பைத் தூண்டுவது ஆகியவை அதன் வேலை. இயற்கையாகச் சுரப்பது சில நிமிடங்களில் சிதைந்து விடும். அதே வேலையைச் செய்யும்படி தயாரிக்கப்பட்ட செமாகுளூடைடு, ஒரு வாரம் கழித்தும் பாதியளவு உடலில் நிற்கிறது. அதனால்தான் வாரம் ஒரு ஊசி போதுமானதாக இருக்கிறது. (இந்த வகையில் முதலில் வந்த மருந்து, அமெரிக்காவின் விஷப் பல்லி ஒன்றின் விஷத்தை ஆராய்ந்ததில் பிறந்தது என்பது ஒரு வேடிக்கை.) டிர்செபடைடு என்ற மருந்து இதனுடன் இன்னொரு ஹார்மோனின் வேலையையும் சேர்த்துச் செய்கிறது. நம் நாட்டில் டிர்செபடைடு மவுன்ஜாரோ என்ற பெயரில் 2025 மார்ச்சிலும், செமாகுளூடைடு எடைக் குறைப்புக்கென்றே வீகோவி என்ற பெயரில் 2025 ஜூனிலும் விற்பனைக்கு வந்தன.

சோப்புக் கம்பெனிக்காரர்கள் மூன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று ஸ்கீம் போடுகிறார்கள். ஸ்கீம் இருக்கும் வரை பெட்டி பெட்டியாகப் போகிறது. முடிந்த மறு மாதம் விற்பனை பழைய இடத்துக்கே வந்து நிற்கிறது. அதற்காக ஸ்கீம் வேலை செய்யவில்லை என்று யாரும் சொல்வதில்லை. இந்த ஊசியும் அப்படித்தான். மருந்து உடலில் இருக்கும் வரை பசி அடங்கியிருக்கிறது, இறங்கியதும் பசி பழையபடி எழுகிறது. பசியை அது அடக்கி வைத்ததே தவிர மாற்றி அமைக்கவில்லை.

இது நம் ஊகமல்ல. செமாகுளூடைடின் 68 வாரச் சோதனையில் இருந்தவர்களில் 327 பேரை, ஊசியை நிறுத்திய பிறகு ஒரு வருடம் தொடர்ந்து கவனித்து 2022-இல் முடிவை வெளியிட்டார்கள். ஊசி போட்டவர்கள் சராசரியாக 17.3 சதவீத எடை குறைந்திருந்தார்கள். ஒரு வருடத்தில் அதில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. நம் கணக்கில் சொன்னால், 90 கிலோ ஆள் பதினைந்தரை கிலோ குறைந்து, அதில் பத்துக் கிலோவுக்கு மேல் மறுபடி ஏறி, கடைசியில் 85-இல் நிற்கிறார். இறங்கியிருந்த ரத்த அழுத்தமும் பழைய அளவுக்கே திரும்பியது. டிர்செபடைடிலும் இதே கதைதான். 36 வாரம் போட்டுச் சுமார் 21 சதவீதம் குறைந்தவர்களில் பாதிப் பேருக்கு மருந்தைத் தொடர்ந்தார்கள், மீதிப் பேருக்குத் தெரியாமலே வெறும் ஊசி போட்டார்கள். 2023 டிசம்பரில் வெளியான முடிவின்படி, வெறும் ஊசிக்கு மாறியவர்களுக்கு ஒரு வருடத்தில் 14 சதவீதம் ஏறியது. குறைந்த எடையில் நூற்றுக்கு எண்பது பங்கையாவது காப்பாற்றியவர்கள் மருந்தைத் தொடர்ந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர், நிறுத்தியவர்களில் பதினேழு பேர்.

இந்தப் பதினேழு பேர் இருக்கிறார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். அதை விட்டுவிட்டு 'நிறுத்தினால் எல்லாம் போச்சு' என்பதும் தவறு.

எடை ஏன் திரும்புகிறது? உடலுக்கு எடை குறைவது என்பது பஞ்சம். பஞ்சம் வந்ததும் சேமிப்பைக் காப்பாற்றப் பார்க்கிறது. ஆஸ்திரேலியாவில் 50 பேரைப் பத்து வாரம் கடும் உணவுக் கட்டுப்பாட்டில் வைத்து எடை குறைத்தார்கள். அதன் பிறகு ஒரு வருடம் கழித்துப் பார்த்த போதும் பசியைத் தூண்டும் ஹார்மோன்கள் கூடுதலாகவே இருந்தன என்று 2011-இல் எழுதினார்கள். இவர்கள் எந்த ஊசியும் போடாதவர்கள். ஆகவே எடை திரும்புவது மருந்தின் குற்றமும் அல்ல, ஆளின் குற்றமும் அல்ல. இத்துடன் இன்னொன்றும் நடக்கிறது. குறைகிற எடையில் கால் பங்கு அல்லது அதற்கு மேலும் கொழுப்பு அல்லாத தசைப் பகுதியாக இருக்கலாம். தசை குறைந்தால் உடல் சும்மா இருக்கும் போது செலவழிக்கும் சக்தியும் குறையும். திரும்பி வருகிற எடையோ பெரும்பாலும் கொழுப்பாகவே வருகிறது.

இனி பணக் கணக்கு. மவுன்ஜாரோ வந்த போது 5 மில்லிகிராம் குப்பி ஒன்று 4,375 ரூபாய். வாரம் ஒன்று என்றால் வருடத்திற்கு இரண்டே கால் லட்சத்துக்கு மேல். வீகோவியின் உயர்ந்த அளவு ஆரம்பத்தில் மாதம் 26,015 ரூபாயாக இருந்து, பிறகு குறைக்கப்பட்டது. செமாகுளூடைடின் இந்தியக் காப்புரிமை 2026 மார்ச் வரைதான். போட்டிச் சரக்கு வந்தால் விலை என்னாகும் என்பதை வியாபாரிக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. இருந்தாலும் ஒரு மாதச் செலவைப் பார்த்து இறங்கக் கூடாது. மூன்று, நான்கு வருடத்திற்குத் தாங்குமா என்று பார்த்த பிறகே முதல் ஊசிக்குப் போக வேண்டும். மகள் கல்யாணத்திற்குள் பத்துக் கிலோ குறைய வேண்டும் என்று ஆரம்பிப்பவர்களை நாம் தடுத்துப் பேசியிருக்கிறோம், இனியும் பேசுவோம்.

சர்க்கரை வியாதிக்காகவோ இதயத்திற்காகவோ டாக்டர் எழுதிக் கொடுத்தவர்களின் விஷயம் வேறு. ஏற்கெனவே இதய நோயும் அதிக எடையும் உள்ள 17,604 பேரிடம் செய்து 2023-இல் வெளியான சோதனையில், செமாகுளூடைடு மாரடைப்பு, பக்கவாதம், இதய நோயால் வரும் மரணம் ஆகியவற்றை மொத்தத்தில் 20 சதவீதம் குறைத்தது. பிரஷர் மாத்திரையை 'பிரஷர் இறங்கிவிட்டது' என்று யாரும் நிறுத்தக் கூடாதது போலவே, இவர்களும் எடை குறைந்தது என்று தாமாக நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் சர்க்கரை ஏறும், மற்ற மாத்திரைகளின் அளவை மாற்ற வேண்டி வரும். குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள் மட்டும் செமாகுளூடைடைக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே டாக்டரிடம் சொல்லி நிறுத்தியாக வேண்டும்.

நிறுத்த வேண்டியவர்கள் என்ன செய்வது? நிறுத்திய பிறகு யோசிப்பது தாமதம். பசி அடங்கியிருக்கும் மாதங்களிலேயே பழக்கத்தை மாற்றிக் கொள்ள வேண்டும். டென்மார்க்கில் 195 பேரிடம் செய்த சோதனையில், இதே வகையைச் சேர்ந்த லிராகுளூடைடு என்ற ஊசியை மட்டும் போட்டவர்களை விட, ஊசியுடன் உடற்பயிற்சியும் சேர்த்துச் செய்தவர்கள், இரண்டையும் நிறுத்திய அடுத்த வருடத்திலும் எடையைக் கூடுதலாகக் காப்பாற்றினார்கள்.

நம் தொழிலில் இதுதான் கஷ்டம். மில் ஷிப்ட் முடிந்து வருகிறவர்களுக்காக ராத்திரி பத்து மணி வரை கடை திறந்திருக்கிறோம். கல்லாவை விட்டு எழுவதில்லை. மதியச் சாப்பாடு மூன்று மணிக்கு, இரவுச் சாப்பாடு பத்தரைக்கு, சாப்பிட்ட கையோடு படுக்கை. நடுவில் வருகிறவர் போகிறவர் எல்லோருடனும் டீ. ஒரு டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை, அதாவது சுமார் 10 கிராம். நாளுக்கு ஆறு டீ என்றால் வருடத்தில் 22 கிலோ, ஏறக்குறைய அரை மூட்டை. நம் கடையில் இவ்வளவு சரக்கு சிட்டையில் வராமல் போனால் விடுவோமா?

காலையில் தளி ரோட்டில் நடக்கிறவர்களுடன் சேர்ந்து முக்கால் மணி நேரம் நடப்பது நல்லது. ஆனால் நடை மட்டும் தசையைக் காப்பாற்றாது. சிப்பந்தியை ஏவாமல் ஐந்து, பத்துக் கிலோ சரக்கை நாமே எடுத்து வைக்கலாம், மூட்டு வலி இல்லாதவர்கள் கல்லாவில் உட்கார்ந்து எழுவதையே நாளுக்கு நாற்பது, ஐம்பது தடவை செய்யலாம். தசைக்குப் புரதம் வேண்டும். கொள்ளு, பச்சைப் பயறு, கொண்டைக் கடலை இவற்றில் நூறு கிராமுக்கு இருபது கிராம் அல்லது அதை ஒட்டிப் புரதம் இருக்கிறது. மூட்டை மூட்டையாக விற்கிற நாம் வீட்டில் சாப்பிடுவது என்னவோ சோறுதான். முட்டை, தயிர் சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் சுலபம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் புரதத்தைக் கூட்டும் முன் டாக்டரைக் கேட்க வேண்டும்.

குடோனில் முத்திரை போட்ட தராசு இருக்கிறது. வாரம் ஒரு நாள், கடை திறந்ததும், டீ குடிக்கும் முன் அதில் ஏறி நின்று காலண்டரில் குறித்து வைக்கலாம். அமெரிக்காவில் எடையைக் குறைத்து வருடக் கணக்கில் காப்பாற்றியவர்களின் பெயர்களை 1994 முதல் பதிந்து வருகிறார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேர் வாரம் ஒரு முறையாவது எடை பார்க்கிறவர்கள். இடுப்பளவையும் டேப்பில் பார்த்துக் கொள்ளலாம். நம் நாட்டினருக்கு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் எல்லை.

ஊசியை எப்படி நிறுத்துவது, அளவைப் படிப்படியாகக் குறைப்பதா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். நிறுத்திய பிறகு இரண்டு, மூன்று கிலோ ஏறியதுமே அவரிடம் போய்விட வேண்டும், பத்துக் கிலோ ஏறட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. மறுபடி ஊசி தேவை என்று அவர் சொன்னால், பெரும்பாலும் குறைந்த அளவிலிருந்துதான் தொடங்குவார். பிரிட்ஜில் மீதியிருக்கும் பழைய ஊசியை எடுத்து, விட்ட இடத்திலிருந்து தாமே போட்டுக் கொண்டால் கடும் வாந்தியும் வயிற்றுக் கோளாறும் வரக்கூடும்.