ஆறு வோல்ட் வெளிச்சம்

பழைய புல்லட்டை ஆசை ஆசையாகப் புதுப்பித்தவர்கள் பலரிடம் ஒரே குறையைக் கேட்கலாம். என்ஜின் பிரித்துக் கட்டியாயிற்று, பெயின்ட் கண்ணாடியாய் மின்னுகிறது, பேட்டரி புதிது, பல்பும் புதிது. ஆனால் இரவில் ஹெட்லைட்டைப் போட்டால் சோகை பிடித்த மஞ்சள் வெளிச்சம் ஒன்று நாலு முழம் போய் நின்றுவிடுகிறது. “அந்தக் காலத்து ஆறு வோல்ட் வண்டி, இவ்வளவுதான் வரும்” என்று சமாதானம் சொல்லிக்கொள்வார்கள்.

இந்தச் சமாதானத்தை நான் ஏற்பதில்லை. 35 வாட் பல்பு என்றால் 6 வோல்ட்டிலும் 35 வாட், 12 வோல்ட்டிலும் 35 வாட். இன்னும் சொல்லப்போனால் 6 வோல்ட் பல்பின் இழை குட்டையாகவும் தடிமனாகவும் இருப்பதால் அதிர்வைக்கூட நன்றாகவே தாங்கும். பல்பு தன் வேலையைச் செய்யத் தயார். அதற்கு வந்து சேரவேண்டிய மின்சாரம் வழியில் தொலைகிறது என்பதுதான் பெரும்பாலான வண்டிகளில் நடப்பது.

கணக்கைப் பார்த்தால் விஷயம் புரியும். 35 வாட் பல்பு 12 வோல்ட்டில் ஏறத்தாழ 2.9 ஆம்பியர் இழுக்கிறது. 6 வோல்ட்டில் அதே பல்பு 5.8 ஆம்பியர் இழுக்கவேண்டும். பேட்டரியிலிருந்து பல்புக்குப் போய்த் திரும்பும் வழியில் பேட்டரி முனை, ஃப்யூஸ், ஆம்ப் மீட்டர், லைட் சுவிட்ச், டிம் சுவிட்ச், நடுவே நாலைந்து ஒயர் இணைப்புகள், பல்பு ஹோல்டர், எர்த் என்று பத்துப் பன்னிரண்டு இடங்களில் உலோகம் உலோகத்தைத் தொடுகிறது. ஒவ்வொரு இடத்திலும் ஓமில் நூறில் ஒரு பங்கு தடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். கண்ணுக்கும் கைக்கும் தெரியாத தடை அது. பத்தும் சேர்ந்தால் 0.1 ஓம். அதில் 5.8 ஆம்பியர் ஓடினால் 0.58 வோல்ட் அங்கேயே போய்விடும். ஆறில் அரைக்கு மேல் என்றால் கிட்டத்தட்ட பத்து சதவீதம். அதே அழுக்கு இணைப்புகள் 12 வோல்ட் வண்டியில் இருந்தால் போவது 0.29 வோல்ட், இரண்டரை சதவீதத்துக்கும் குறைவு. வோல்ட் பாதியானால் இழப்பின் விகிதம் நான்கு மடங்காகிறது. ஆறு வோல்ட் வண்டியின் உண்மையான பலவீனம் இதுதான்.

பத்து சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் டங்ஸ்டன் இழையின் சுபாவம் அப்படிப்பட்டதல்ல. வோல்ட் குறைந்தால் இழையின் சூடு குறைகிறது. சூடு குறைந்தால் அது உமிழும் ஆற்றலில் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் பங்கு சரிந்து, கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிரின் பங்கு கூடுகிறது. இழை விளக்கின் ஒளி, வோல்ட்டின் ஏறத்தாழ 3.4ஆம் அடுக்கைப் பின்பற்றி ஏறி இறங்கும் என்பது பல்புத் தொழிலில் நெடுங்காலமாகப் புழங்கும் கணக்கு. அதன்படி பத்து சதவீத வோல்ட் போனால் முப்பது சதவீத வெளிச்சம் போகும். இருபது சதவீதம் போனால் பாதிக்கு மேல் காலி. நிறமும் வெள்ளையிலிருந்து மஞ்சளுக்கும் மஞ்சளிலிருந்து செம்மைக்கும் நகரும். ஆகவே விளக்கின் நிறமே ஒரு மீட்டர். செம்மண் நிறத்தில் எரியும் ஹெட்லைட், வோல்ட் கிடைக்காமல் தவிக்கும் ஹெட்லைட்.

பளபளவென்று தேய்த்த இரண்டு பித்தளைப் பரப்புகள் ஒன்றையொன்று முழுதாகத் தொடுவதாகத்தான் நமக்குத் தோன்றுகிறது. உண்மையில் எந்த உலோகப் பரப்பும் நுண்ணிய அளவில் மேடும் பள்ளமுமாகவே இருக்கிறது. இரண்டை அழுத்தி வைத்தால் சில மேடுகளின் உச்சிகள் மட்டுமே தொடுகின்றன. மொத்த மின்னோட்டமும் அந்தச் சில புள்ளிகளின் வழியே நெருங்கிப் புகுந்து கடக்கிறது. இதை முறையாக ஆராய்ந்தவர் ராக்னார் ஹோல்ம் என்ற சுவீடன் நாட்டு இயற்பியலாளர். மின் தொடுகைகளைப் பற்றிய துறைக்கு அடித்தளமே அவருடைய நூல்தான். அழுத்தம் கூடினால் புள்ளிகள் நசுங்கி விரிந்து தடை குறையும். ஸ்பிரிங் தளர்ந்த பல்பு ஹோல்டரும் லேசாகத் திருகிய போல்ட்டும் தொல்லை தருவதன் காரணம் இது.

அந்தப் புள்ளிகளின்மேல் ஆக்சைடு படிந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். ஒற்றை சிலிண்டர் புல்லட்டின் அதிர்வு இதற்கு நன்றாகவே துணை போகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் இணைப்பு மயிரிழை நகர்ந்து உரசுகிறது. உரசிய இடத்தில் புது உலோகம் தெரிகிறது. அது உடனே காற்றோடு சேர்ந்து துருவாகிறது. அந்தத் துகள் இடையிலேயே தங்கிவிடுகிறது. ஓடாமல் நிற்கும் வண்டியில் ஈரம் கெடுக்கிறது, ஓடும் வண்டியில் அதிர்வு கெடுக்கிறது.

இனி, எங்கே கெட்டிருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பலரும் மல்டிமீட்டரை எடுத்து ஹெட்லைட் பல்பைக் கழற்றிவிட்டு ஹோல்டரில் வைத்துப் பார்ப்பார்கள். 6.3 வோல்ட் காட்டும். “கரண்ட் சரியாத்தான் வருது” என்று முடிவுகட்டி இன்னொரு பல்பு வாங்கப் போவார்கள். மீட்டர் பொய் சொல்லவில்லை, நாம் கேட்ட கேள்விதான் தப்பு. டிஜிட்டல் மீட்டரின் உள்தடை பொதுவாகக் கோடி ஓம். அது இழுக்கும் மின்னோட்டம் ஓர் ஆம்பியரில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அவ்வளவு சொற்ப ஓட்டத்துக்கு, அறுந்துபோய் ஒரே ஒரு இழையில் தொங்கும் ஒயரும் ராஜபாட்டைதான். ஓட்டம் இல்லாத இடத்தில் இழப்பும் இல்லை. மேட்டூரில் மதகு மூடியிருக்கும்போது கால்வாய் உடைப்பைக் கண்டுபிடிக்க முடியுமா? தண்ணீர் ஓடவேண்டும், கடைமடைக்கு எவ்வளவு வந்தது என்று அப்போது பார்க்கவேண்டும்.

ஓம் அளவில் வைத்துத் தேடினாலும் பயனில்லை. நாம் தேடும் தடை 0.01 ஓம், மீட்டரின் இரண்டு ஒயர்களுக்கே அதைவிடப் பல மடங்கு தடை உண்டு. பல்பையும் ஓமில் அளந்து ஏமாறக்கூடாது. 35 வாட், 6 வோல்ட் பல்பு எரியும்போது அதன் தடை ஒரு ஓமுக்குச் சற்று மேல். குளிர்ந்திருக்கும்போது அதில் பத்தில் ஒரு பங்குகூட இராது. பல்பு ஷார்ட் ஆகிவிட்டது என்று நினைத்து நல்ல பல்பைத் தூக்கிப் போடுபவர்கள் உண்டு.

சரியான வழி எளியது, அழகானது. பல்பை அதன் இடத்திலேயே வைத்து எரியவிடுங்கள். மீட்டரை வோல்ட்டில் வைத்து ஒரு முனையைப் பேட்டரியின் மின் செல்லும் முனையிலும், மறுமுனையைப் பல்பின் அடியில் உள்ள தொடுகையிலும் வையுங்கள். இப்போது மீட்டர் காட்டுவது பேட்டரியின் வோல்ட் அல்ல. போகும் வழியில் தொலைந்த வோல்ட். ஹெட்லைட்டே 5.8 ஆம்பியர் இழுத்துக்கொண்டிருப்பதால் 0.01 ஓம் தடை 58 மில்லிவோல்ட்டாக வெளிப்படும். சாதாரண மீட்டர்கூட அதைச் சுலபமாகப் படிக்கும். குறையுள்ள விளக்கே குறையைக் காட்டும் கருவியாகிவிடுகிறது. பிறகு முனையை ஒவ்வொரு இணைப்பாகப் பின்னோக்கி நகர்த்திக்கொண்டே வரவேண்டியதுதான். எந்த இணைப்பைத் தாண்டும்போது எண் சட்டென்று விழுகிறதோ, அங்கே இருக்கிறது கோளாறு. மீட்டர் இல்லாத காலத்து மெக்கானிக்குகள் ஒரு பல்பில் இரண்டு ஒயரைப் பற்றவைத்த டெஸ்ட் லாம்ப்பை வைத்தே வேலையை முடித்தார்கள். அது ஓட்டத்தை இழுத்துப் பார்க்கும் கருவி என்பதால் இந்த வேலைக்கு வெறும் மீட்டரைவிட அது நம்பகமானது.

போகும் வழி இப்படி. திரும்பும் வழியைத்தான் ஆட்கள் மறந்துவிடுகிறார்கள். என் கணிப்பில் பாதிக்கு மேற்பட்ட ஹெட்லைட் கோளாறுகள் அங்கேதான் இருக்கின்றன. பழைய மோட்டார் சைக்கிள்கள் பலவற்றில் ஹெட்லைட்டிலிருந்து பேட்டரிக்குத் திரும்பத் தனி ஒயர் கிடையாது. வண்டியின் இரும்புச் சட்டமே திரும்பும் வழி. அந்த மின்சாரம் நடக்கும் பாதையைக் கவனியுங்கள்: ரிஃப்ளெக்டரிலிருந்து விளக்குக் கூடு, கூட்டிலிருந்து முன் ஃபோர்க், ஃபோர்க்கிலிருந்து ஹேண்டில் திரும்பும் கோன் செட்டின் எஃகுக் குண்டுகள், அங்கிருந்து சட்டம். கிரீஸில் மிதக்கும் குண்டுகளின் வழியே ஹெட்லைட் எரிகிறது! ஹேண்டிலைத் திருப்பும்போது விளக்கு மினுக்கினால் முதலில் சந்தேகப்படவேண்டியது இந்த இடத்தையும், அங்கே மடங்கி மடங்கி உறைக்குள்ளேயே இழை இழையாக அறுந்துவரும் ஒயரையும்தான்.

புதுப்பித்த வண்டியில் வெளிச்சம் குறைவதன் மர்மமும் இங்கேதான் அவிழ்கிறது. பெயின்ட்டும் பவுடர் கோட்டிங்கும் மின்சாரத்தைக் கடத்தா. துரு ஏறிய பழைய வண்டியில் எங்கோ ஒரு கீறல் வழியே எர்த் கிடைத்துக்கொண்டிருந்தது. அழகாகப் பூசியதும் அதுவும் அடைபட்டது. புல்லட்டில் இது கூடுதலாகக் கவனிக்கவேண்டியது. ராயல் என்ஃபீல்டு 1954ஆம் ஆண்டு மாடல்களில் ஹெட்லைட், ஸ்பீடோமீட்டர், ஆம்ப் மீட்டர், இரு பக்கமும் இரண்டு சிறு விளக்குகள் அனைத்தையும் காஸ்கெட் என்னும் ஒரே அலுமினிய வார்ப்புக்குள் அடக்கியது. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா தொடங்கப்பட்டது. பின்னர் திருவொற்றியூரிலிருந்து வந்த புல்லட்டுகளும் இதே முகத்தோடுதான் வந்தன. அந்தக் காஸ்கெட்டின் வாயைத் திறந்தால் ஒயர்கள் கற்றையாகச் சுருண்டிருக்கும். ஒரு முனையைச் சீவிப் பாருங்கள். செம்பு செம்பாகத் தெரிந்தால் சரி. உறைக்கு உள்ளேயும் கறுத்து, நுனியில் பச்சைக் களிம்பு கட்டியிருந்தால் அந்த ஒயரில் ஈயம்கூடப் பிடிக்காது. எவ்வளவு தூரம் சீவினாலும் கறுப்புதான் வரும். முழு நீளத்தையும் மாற்றுவதே மரியாதை. நீல ஒயர் ஹெட்லைட்டுக்கு, நீலத்தில் வெள்ளைக் கோடு பிரைட்டுக்கு, நீலத்தில் சிவப்புக் கோடு டிம்முக்கு என்பது பிரிட்டிஷ் வழக்கம். ஐம்பது வருடத்தில் எத்தனை கைகள் ஒட்டுப் போட்டிருக்கும் என்பதால் நிறத்தை நம்பாமல் ஓட்டத்தை நம்புவது நல்லது.

எர்த் முற்றிலும் அறுந்தால் விசித்திரங்கள் நடக்கும். பிரைட் இண்டிகேட்டர் உள்ள வண்டியில் டிம் போடுகிறோம். ஹெட்லைட் எரியவில்லை, பிரைட் இண்டிகேட்டர் எரிகிறது. பேய் பிடித்த மாதிரி தோன்றினாலும் காரணம் நேரானது. டிம் இழைக்குள் வந்த மின்சாரம், இரு இழைகளுக்கும் பொதுவான எர்த் முனையில் வழியடைபட்டு, பிரைட் இழை வழியே தலைகீழாக ஏறி, அதன் ஒயரைப் பிடித்து இண்டிகேட்டர் பல்புக்குப் போய், அதன் எர்த் வழியே வீடு திரும்புகிறது. சின்ன பல்பின் தடைக்கு முன் பெரிய இழைகளின் தடை ஒன்றுமே இல்லை. அதனால் வோல்ட் முழுவதையும் இண்டிகேட்டர் எடுத்துக்கொள்கிறது, ஹெட்லைட் கறுப்பாக நிற்கிறது. வழி இருந்தால் மின்சாரம் சுற்றிக்கொண்டாவது போய்விடும்.

காஸ்கெட்டில் உள்ள ஆம்ப் மீட்டரை அலங்காரமாக நினைப்பவர்கள் ஒருமுறை இதைச் செய்து பார்க்கலாம். என்ஜினை அணைத்துவிட்டு ஹெட்லைட் மட்டும் போடுங்கள். முள் மைனஸ் பக்கம் ஐந்தாறு ஆம்பியர் சாய்ந்தால் சுற்று நலம். அசையவே இல்லை என்றால் எங்கோ அறுந்திருக்கிறது. கோடிக்குப் போய் முட்டிக்கொண்டால் உடனே அணையுங்கள், ஒயர் சட்டத்தைத் தொட்டுவிட்டது. இரண்டு மூன்று ஆம்பியரில் தயங்கி நின்றால், இவ்வளவு நேரம் பேசிய கள்ளத் தடைதான். ஒரு வார்த்தை பேசாமல் கோளாறை மூன்று வகையாகப் பிரித்துத் தரும் மீட்டர் அது.

வைத்தியம் பெரிய செலவில்லை. ஒவ்வொரு இணைப்பையும் பிரித்து எமரித் தாளால் உலோகம் தெரியத் தேய்த்து, இறுக்கமாகப் பூட்டி, மேலே லேசாக வாசலின் தடவினால் காற்றும் ஈரமும் அண்டா. பல்பு ஹோல்டரிலிருந்து பேட்டரியின் எர்த் முனைக்கே தனியாக ஒரு தடித்த ஒயர் இழுத்துவிடுங்கள். ஹேண்டில் இரு பக்கமும் முழுதாகத் திரும்பும் அளவுக்குக் கழுத்தருகே கொஞ்சம் தொய்வு விட்டுக் கட்டவேண்டும். கோன் செட் தன் சொந்த வேலையை மட்டும் பார்க்கட்டும். டங்ஸ்டன் வேண்டாம், எல்இடி போடுகிறேன் என்பவர்களைத் தடுக்கமாட்டேன். ஓட்டம் குறைவதால் இழப்பும் குறையும். ஆனால் 1960கள் வரை வந்த பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் சட்டத்தோடு இணைந்திருக்கும். டங்ஸ்டன் இழைக்கு எந்தப் பக்கம் பாய்ந்தாலும் ஒன்றுதான், எல்இடிக்கு அப்படியல்ல. கடைக்காரர் நீட்டுவதை வாங்கும் முன், உங்கள் வண்டியில் சட்டத்துக்குப் போகும் ஒயர் பேட்டரியின் எந்த முனையில் இருக்கிறது என்று ஒரு தடவை சீட்டைத் தூக்கிப் பார்த்துவிடுங்கள்.