மேசையைக் கவிழ்த்துப் பாருங்கள்

வீட்டுக்குள் பழசு – 17

புதுச்சேரிப் பக்கம் ஒரு பழைய மேசை விலைக்கு வந்தால் முதல் வேலையாக அதற்கு ஒரு பிரெஞ்சுப் பூர்வீகம் கிடைத்துவிடுகிறது. அது உறுவையாற்றிலிருந்து வந்திருக்கலாம், மங்கலத்திலிருந்தோ பாகூரிலிருந்தோ வந்திருக்கலாம். கூடத்து மூலையில் சாமிப் படத்தையும் குத்துவிளக்கையும் சுமந்துகொண்டு நின்ற குட்டி மேசை, நகரத்துக் கடைக்குள் நுழைந்ததும் ‘டூப்ளே காலத்து மேசை’ ஆகிவிடும். சீட்டாடுவதற்கான மடிப்பு மேசை என்றால் கேட்கவே வேண்டாம். மார்செய்யில் கப்பலேறியது என்று சத்தியமே செய்வார்கள். என் முடிவு இதற்கு நேர் எதிரானது. இந்தப் பகுதியில் ‘ஐரோப்பியப் பழம்பொருள்’ என்று கைமாறும் பக்க மேசைகளிலும் ஆட்ட மேசைகளிலும் பெரும்பாலானவை இதே கடற்கரையில், இந்நாட்டு மரத்தில், இங்குள்ள தச்சர்கள் செய்தவை. அவற்றுக்கு உண்மையான மதிப்பைத் தருவதும் அதுதான். பிரெஞ்சுப் பூர்வீகம் ஒட்டுவது அந்த மதிப்பைக் கூட்டுவதில்லை, அழிக்கிறது.

முதலில் காலக்கணக்கைப் பார்த்துவிடலாம். டூப்ளே இங்கே கவர்னராக இருந்தது 1742 முதல் 1754 வரை. அவர் போய் ஏழு வருடம்கூட முடியவில்லை, 1761 ஜனவரியில் ஆங்கிலத் தளபதி அயர் கூட்டின் முற்றுகைக்குப் புதுச்சேரி பணிந்தது. ஆங்கிலேயர் கோட்டையையும் வெள்ளையர் நகரையும் தரைமட்டமாக்கினார்கள். 1765-ல் ஊர் திரும்பக் கிடைத்தபோது பிரெஞ்சு கவர்னர் ஜான் லா தெ லொரிஸ்தோன் இடிபாடுகளின் மேல்தான் புது நகரத்தை எழுப்ப வேண்டியிருந்தது. அதற்கப்புறமும் 1778-ல் ஒரு முறை, 1793-ல் ஒரு முறை ஊர் பறிபோய், 1816-ல்தான் பிரெஞ்சுக்காரர்கள் நிலையாகத் திரும்பினார்கள். இத்தனை கொள்ளைக்கும் தப்பி ஒரு மெல்லிய கால் மேசை பிழைத்திருக்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. பிழைத்தது என்று சொல்லி விலை கேட்கிறவர்தான் அதற்குச் சான்று காட்ட வேண்டும். பழைய அருங்காட்சியகத்தில் இருந்த கட்டிலைக்கூட ‘டூப்ளே படுத்ததாகச் சொல்லப்படுகிறது’ என்றுதான் நிதானமாகக் குறிப்பிடுவார்கள். அந்த நிதானம் கடைக்காரருக்கும் இருக்கலாம்.

ஆகவே நம் கைக்கு வருபவை அநேகமாக 19-ம் நூற்றாண்டுச் சரக்கும் அதற்குப் பிந்தியதும். அப்போது பிரான்சிலிருந்து கப்பலில் பொருள் வரவில்லையா என்று கேட்கலாம். வந்தது. வில்லியனூர் லூர்து மாதா சுரூபமே 1877-ல் அங்கிருந்து வந்ததுதான். ஆனால் மேசை வேறு விஷயம். நான்கு காலும் ஒரு பலகையும் உள்ள பொருளைச் செய்து முடித்து அனுப்பினால் இடைப்பட்ட காற்றுக்கும் சேர்த்துக் கப்பல் கூலி கட்ட வேண்டும். ஐரோப்பாவிலிருந்து உலகமெங்கும் போய் வெற்றி பெற்ற மரச்சாமான் எது என்று பார்த்தால் இது விளங்கும். வியன்னாவின் தோனெத் நிறுவனம் 1859-ல் கொண்டுவந்த வளைமர நாற்காலி அது. கழற்றி அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டிக்குள் 36 நாற்காலிகள் அடங்கும். கழற்ற முடியாததை அவ்வளவு தூரம் சுமந்து வருவானேன்? மலபாரின் தேக்கும் ஈட்டியும் எட்டும் தூரத்தில் இருந்தன, பர்மாத் தேக்கு கடல் வழியே வந்துகொண்டிருந்தது, ஒரு படத்தைக் காட்டினால் அப்படியே செய்து தருகிற ஆசாரிகள் தெருவுக்குத் தெரு இருந்தார்கள். 1880-ல் வில்லியனூரும் பாகூரும் கொம்யூன் என்ற உள்ளாட்சிகளாகி மேரும் (மேயர்) அவருடைய அலுவலகமும் வந்தபோது, அந்த அலுவலகத்துக்கு வேண்டிய மேசையை யார் செய்திருப்பார்கள் என்று ஊகிப்பது கடினமல்ல.

ஊகம் போதாது, மேசையே பேச வேண்டும் என்பவர்கள் அதைக் கவிழ்த்துப் போடலாம். மேல்பக்கம் ஊருக்காகச் செய்தது. அடிப்பக்கத்தை யாரும் ஜோடிப்பதில்லை. பாரிஸ் அல்லது லண்டன் பட்டறையில் விலையுயர்ந்த மரத்தை மெல்லிய தகடாக அறுத்து, பைன், ஓக் போன்ற மலிவான மரத்தில் செய்த கூட்டின் மேல் ஒட்டுவது வழக்கம். அவர்களுக்கு மகோகனி கரீபியத் தீவுகளிலிருந்து வர வேண்டும், ஈட்டி இன்னும் தொலைவிலிருந்து வர வேண்டும், சிக்கனம் அவசியம். புதுச்சேரித் தச்சருக்கு அந்த நெருக்கடி இல்லை. அவர் முழு மரத்திலேயே செய்தார். இழுப்பறையின் அடிப்பலகை முதல் பின்பக்கச் சட்டம் வரை தேக்கோ ஈட்டியோ இருந்தால் அது இந்த நாட்டு வேலை என்று பத்துக்கு எட்டு முறை துணிந்து சொல்லலாம். இன்னொரு காரணமும் உண்டு. தகட்டை ஒட்டப் பயன்பட்டது விலங்குத் தோலைக் காய்ச்சி எடுத்த வச்சிரம். நம் கடலோரப் புழுக்கத்தில் வச்சிரம் இளகும், தகடு உப்பி எழும்பும். அதனால்தான் உள்ளூர் வேலையில் வச்சிரத்தை நம்பாமல் துளையும் கழுந்துமாகப் பூட்டி, மூட்டின் குறுக்கே மூங்கில் ஆணி அடித்திருப்பார்கள். சட்டத்தின் வெளிப்புறத்தில் மிளகளவு வட்டம் ஒன்று வேறு நிறத்தில் தெரிந்தால் அது மூங்கில் ஆணியின் தலை. பாரிஸ் மேசையில் அதற்கு வேலையில்லை.

வயதைச் சொல்லும் அடையாளங்களும் அடிப்பக்கத்தில்தான் இருக்கின்றன. கைவாளால் அறுத்த பலகையில் கோடுகள் நேராக, கொஞ்சம் ஒழுங்கற்று ஓடும். வட்ட வாள் வந்த பிறகு வில்போல வளைந்த கோடுகள் விழுந்தன. திருகாணியின் நுனி மொட்டையாக இருந்தால் அது 1840-களில் கூர்நுனித் திருகாணி பரவுவதற்கு முந்தைய வகை. ஆனால் பழைய திருகாணியைப் புது மேசையில் போடுவது யாருக்கும் எளிது என்பதால் இதை மட்டும் நம்பக் கூடாது. ஏமாற்ற முடியாத சோதனைக்கு ஒரு அளவுநாடா போதும். மரம் நரம்பின் நீளவாக்கில் சுருங்காது, குறுக்குவாக்கில் சுருங்கும். நூறு வருடம் கடந்த வட்ட மேசையை இரண்டு வாக்கிலும் அளந்தால் சில மில்லிமீட்டர் வித்தியாசம் வரும். எந்தப் பக்கம் அளந்தாலும் பிசகாத வட்டமாக இருக்கும் முழுமர மேசையைப் ‘பழசு’ என்று யாராவது விற்றால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

ஆட்ட மேசையில் இந்த விசாரணை இன்னும் சுவாரசியமானது, ஏனென்றால் அது ஒரு பொறி. 18-ம் நூற்றாண்டுப் பிரான்சில் திரிக்-திராக் என்ற காய் ஆட்டம் மேட்டுக்குடி வீடுகளைப் பிடித்தாட்டியது. அதற்கான மேசையின் மேல்பலகை தனியாகக் கழன்று வரும். ஒரு பக்கம் எழுதத் தோல், மறுபக்கம் சீட்டாடப் பச்சைப் பனாத்து. பலகையை எடுத்தால் உள்ளே தொட்டிபோல ஒரு பள்ளம், அதன் தரையில் இரு நிறத்தில் நீண்ட முக்கோணங்கள், விளிம்பு நெடுகப் புள்ளிக்கணக்கு வைக்க ஆணி குத்தும் சிறு துளைகள். உண்மையிலேயே ஆடிய மேசையில் துளைகளின் வாய் தேய்ந்து அகன்றிருக்கும், பள்ளத்தின் பக்கச் சுவர்களில் பகடை மோதிய தடம் இருக்கும். அலங்காரத்துக்காகப் பின்னால் செய்ததில் துளைகள் நேற்றுப் போட்டவைபோல விளிம்பு மழுங்காமல் இருக்கும். ஆங்கில வகையோ எளிது: மேல்பலகை இரண்டாக மடியும், பின்கால் ஒன்று வெளியே சுழன்று விரித்த பாதியைத் தாங்கும், ஆட்டம் முடிந்ததும் மடித்துச் சுவரோரம் தள்ளினால் அதுவே பக்க மேசை. பாதி இடத்தில் முழு வேலை பார்க்கும் இந்த வகை நம் ஊர்க் கூடங்களுக்கு நன்றாகப் பொருந்தியது. ஈட்டி மரத்தில், கடைசல் காலோடு செய்த மடிப்பு மேசைகளில் பனாத்து இருந்த இடம் வெறும் பள்ளமாகக் கிடப்பதைப் பார்க்கலாம். கம்பளியைப் பூச்சி தின்றிருக்கும், மாற்ற ஆளில்லை. குறையென்று நினைத்து அதில் ரெக்சின் ஒட்டிவிடாதீர்கள்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். மரமும் கையும் நம்முடையதாக இருக்கட்டும், வடிவம் அவர்களுடையதுதானே, அப்படியானால் அது ஐரோப்பிய மேசைதானே? வடிவத்தின் உரிமை அவ்வளவு தெளிவான சொத்து அல்ல. 17-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சோழமண்டலக் கரையில் டச்சுக்காரர்களுக்காகக் கருங்காலி மரத்தில் பூவும் கொடியும் செதுக்கிய நாற்காலிகள் செய்தார்கள். அவற்றில் சில இங்கிலாந்து போய்ச் சேர்ந்தன. 18-ம் நூற்றாண்டில் ஆங்கில எழுத்தாளர் ஹொரேஸ் வால்போல் அவற்றை வாங்கித் தம் ஸ்ட்ராபெரி ஹில் மாளிகையில் வைத்தார். ட்யூடர் காலத்துக் கார்டினல் வூல்சியோடு தொடர்புள்ள வீட்டில் இதேபோன்ற நாற்காலிகள் இருந்ததால், எல்லாம் ட்யூடர் மன்னர் காலத்து ஆங்கில வேலை என்று உறுதியாக நம்பினார். அவருக்குப் பின் வந்த ஆங்கிலப் பழம்பொருள் அறிஞர்களும் நெடுங்காலம் அப்படியே நம்பினார்கள். இங்கிலாந்தின் பழம்பெருமை என்று அவர்கள் கொண்டாடியது நம் கரையின் உளி வேலை. பிரெஞ்சு பாலிஷ் என்று நாம் வியக்கும் பளபளப்புக்கும் மூலப்பொருள் இந்தியக் காடுகளின் அரக்குதான். போக்கும் வரத்துமாக இருந்த ஒரு தொழிலில் கடைசியாகப் படம் வரைந்தவன் பெயரை மட்டும் எழுதிக்கொள்வது நியாயமான கணக்கு ஆகாது.

‘அப்படியானால் இது நகல், போலி’ என்பது அடுத்த ஆட்சேபம். போலி என்பது வயதைப் பற்றியோ பிறப்பைப் பற்றியோ பொய் சொல்லும் பொருள். 1870 வாக்கில் ஒரு வீட்டுக்கு மேசை வேண்டியிருந்து, ஒரு தச்சர் அதைச் செய்து கொடுத்திருந்தால் அதில் எங்கே பொய்? பொய் பிறகு எழுதிய விலைச்சீட்டில் இருக்கிறது. அந்தப் பொய்யின் நஷ்டம் யாருக்கு என்று பாருங்கள். கிராமத்து வீட்டில் விலை பேசும்போது மேசை ‘நாட்டு வேலை, ஆசாரி செஞ்சது’ என்று மட்டம் தட்டப்படுகிறது. நகரத்தில் விற்கும்போது அதே மேசை பிரான்சில் பிறக்கிறது. விற்ற குடும்பத்துக்கும் வாங்கியவருக்கும் ஒரே பொருளால் நஷ்டம். உள்ளூர் வேலை என்று ஒப்புக்கொண்டால் விலை விழுந்துவிடும் என்ற பயமும் சரியல்ல. ஐரோப்பிய பாணியில் இந்தியாவிலும் இலங்கையிலும் செய்த மரச்சாமான்கள் உலகச் சந்தையில் தனி இனம். விசாகப்பட்டினத்தில் தந்தம் பதித்துச் செய்த சதுரங்கப் பெட்டிகளும், இலங்கையின் காலி நகரில் பலவகை மரங்களைக் கதிர்போலப் பதித்துச் செய்த வட்ட மேசைகளும் தங்கள் ஊர்ப் பெயராலேயே விலை போகின்றன. லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் 2001-ல் அமீன் ஜாஃபர் எழுதிய பெரிய நூலொன்றையே இந்த மரச்சாமான்களுக்காக வெளியிட்டது. புதுச்சேரி வேலைக்கு அந்தப் பெயர் கிடைக்காமல் போனதற்கு, நாமே அதைப் பிரெஞ்சு என்று விற்றதும் ஒரு காரணம்.

உண்மையான ஐரோப்பியச் சாமான் இங்கே அறவே இல்லை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இருக்கையின் அடியில் முத்திரையோடு தோனெத் நாற்காலி கிடைக்கிறது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்ற சொல்தா குடும்பங்கள் 20-ம் நூற்றாண்டில் கொண்டுவந்தவையும் இருக்கலாம். அவற்றுக்கு அவற்றின் விலை.

வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியவை கொஞ்சம். மேசைப் பரப்பை மெஷின் போட்டுத் தேய்த்து மெலமைன் அடித்தால் நூறு வருட நிறம் ஒரு மதியத்தில் போய்விடும். ஈரத்துணியும் கூடாது, உலர்ந்த துணியும் எப்போதாவது கொஞ்சம் தேன்மெழுகும் போதும். சோபாவுக்குப் பக்கத்தில் உயரமாக இருக்கிறதென்று காலை அறுக்க வேண்டாம், மேசையை இடம் மாற்றுங்கள். தந்தம் பதித்திருந்தால் விற்பது குற்றமாகும். நூறு வயது கடந்த கைவினைப் பொருள் 1972-ம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் வரம்புக்குள் வரக்கூடியது. அத்தகைய தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. பிள்ளை பாரிஸில் இருக்கிறான், கன்டெய்னரில் போட்டுவிடலாம் என்று நினைப்பவர்கள் முதலில் தொல்லியல் துறையைக் கேட்டுக்கொள்வது நல்லது. உங்கள் வீட்டில் அப்படியொரு மேசை இருந்தால், விலை பேச ஆள் வருவதற்கு முன்பே அதன் அடிப்பக்கத்தைப் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து வையுங்கள். எந்தத் தலைமுறையில், யாரிடமிருந்து வந்தது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு ஒரு தாளில் எழுதி இழுப்பறைக்குள் போடுங்கள். விற்பதாக முடிவு செய்தாலும் அந்தத் தாளின் நகல் ஒன்றை நீங்கள் வைத்துக்கொண்டு, ரசீதில் ‘புதுச்சேரி வேலை’ என்று எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

(தொடரும்)